வன்னி வைக்க ஆசைப்படுவோர் கவனத்துக்கு

விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் தலமரம் வன்னி. கோயில் திருப்பணியில் உழைத்தவர்களுக்கு விபசித்து முனிவர் இந்த மரத்தின் இலைகளையே கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்கேற்ப அவை பொன்னாயின என்கிறது தலபுராணம். இப்போது வன்னிக்கு வேறு விதத்தில் கிராக்கி. சனி தோஷம் நீங்கும், வாஸ்து குறை தீரும் என்று கேள்விப்பட்டு வாசலில் ஒரு தொட்டியில் வன்னி வைக்க ஆசைப்படுகிறார்கள். பரிகாரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தெருவுக்கு ஒரு வன்னி வளர்ந்தால் எங்களைப் போன்ற தாவரவியல்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். வைப்பது வன்னிதானா, அது எங்கிருந்து வந்தது, நட்டபிறகு அதை என்ன பாடு படுத்துகிறோம் என்பதில்தான் கவலை.

வன்னி பாலைவனத்துப் பிள்ளை. ராஜஸ்தானின் மாநில மரமான கேஜ்ரி இதுதான். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் அமிர்தா தேவி உட்பட பிஷ்னோய் மக்கள் 363 பேர், மன்னரின் ஆட்கள் வெட்ட வந்தபோது கட்டிப்பிடித்து உயிர்விட்டதும் இந்த மரத்துக்காகத்தான். துபாயிலும் அபுதாபியிலும் வேலை பார்க்கும் நம் கடலூர் மாவட்டத்துக்காரர்கள் இதை ‘காஃப்’ என்ற பெயரில் பார்த்திருப்பார்கள்; ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம் அது. தமிழ் மண்ணுக்கும் இது புதிதில்லை. மன்னர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த காட்டைச் சொல்லும்போது பதிற்றுப்பத்து அங்கே வன்னி நின்றதையும் சொல்கிறது. திருவான்மியூரிலும் வன்னிதான் தலமரம். ஆனால் கோயில் மதிலைத் தாண்டிவிட்டால், நம் பக்கத்தில் இதைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

வன்னி என்று சொல்லி விற்கப்படும் கன்றெல்லாம் வன்னி இல்லை. விடத்தேரைச் செடி அதன் பெயரில் வீடுகளுக்குப் போய்ச் சேர்கிறது. விவரம் தெரியாதவர்கள் சீமைக் கருவேலங்கன்றைக்கூட வன்னி என்று நம்பிவிடுகிறார்கள். மூன்றுக்கும் புளியிலையைவிடச் சிறிய கூட்டிலைகள் என்பதால் இலையை வைத்து முடிவு கட்ட முடியாது, முள்ளைப் பாருங்கள். வன்னியில் முள் குட்டையாக, அடி அகன்று, இரண்டு கணுக்களுக்கு நடுவே தண்டில் ஆங்காங்கே சிதறியிருக்கும். சீமைக் கருவேலத்தில் கணுவிலேயே, பெரும்பாலும் ஜோடியாக நீண்டிருக்கும். விடத்தேரையில் சிறுகிளையின் நுனியே முள்ளாகக் கூர்ந்துவிடும். பூத்தால் பாதி இளஞ்சிவப்பு, பாதி மஞ்சள் என்று அது தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். வன்னியின் பூங்கதிர் முழுக்க மஞ்சள். காய் மெலிந்து நீண்டு தொங்கும். கிளைகளில் உருண்டை உருண்டையாகத் தெரிபவற்றைக் காய் என்று நினைத்துப் பறிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் உண்டாக்கும் வீக்கம் அது. உள்ளே விதை இருக்காது.

இந்த அடையாளக் குழப்பம் வீட்டுத் தோட்டத்தோடு நிற்பதில்லை. வன்னியையும் சீமைக் கருவேலத்தையும் நெடுங்காலம் ‘புரோசோபிஸ்’ என்ற ஒரே பேரினத்தில் வைத்திருந்தோம். 2022இல் சீமைக் கருவேலத்தைப் பிரித்து ‘நெல்டுமா’ என்ற பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். தாவரவியல் புத்தகத்தில் தீர்ந்த வழக்கு தரையில் தீரவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி 2017இல் மாவட்டந்தோறும் சீமைக் கருவேலம் அகற்றும் வேலை முடுக்கிவிடப்பட்டது. இன்றும் அது விட்டுவிட்டு நடக்கிறது. வேண்டிய வேலைதான். ஆனால் பொக்லைன் ஓட்டுபவருக்கு முள் என்றால் முள். மரமாக நிமிர்வதற்கு முன் வன்னி பல ஆண்டுகள் ஆடு கடித்த முட்புதராகவே கிடக்கும். புதரோடு புதராக அதுவும் போய்விடும். ஏரிக்கரையில் இயந்திரம் இறங்குவதற்கு முன் வன்னி தெரிந்த ஒருவர் நடந்து பார்த்து, சுண்ணாம்பு அடித்துவிட்டு வர வேண்டும். செலவில்லாத இந்த ஏற்பாட்டை ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையாகவே எழுதலாம்.

அடுத்து, கன்று எங்கிருந்து வருகிறது என்பது. கோயில் மரத்தில் கைக்கெட்டிய கொப்பை ஒடித்து வந்து நட்டு வைப்பவர்கள் உண்டு. பக்தியால் செய்கிறார்கள், மரத்துக்கு அது காயம். ராஜஸ்தானில் தீவனத்துக்காகக் கேஜ்ரியை ஆண்டுதோறும் மொட்டையடித்த இடங்களில், வெட்டுக்காயங்களும் வண்டும் காளானும் இறங்கிப்போன நிலத்தடி நீரும் சேர்ந்து மரங்களைப் பட்டுப்போக வைத்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கோடையில் முற்றி உதிரும் காயைப் பொறுக்கிக்கொண்டாலே போதும்.

வன்னி விதையின் தோல் கெட்டி. கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு ஒரு நாள் ஊறவைத்தால் முளைப்பு நன்றாக வரும்; துளை விழுந்த விதைகளை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும், வண்டு தின்றவை அவை. முளைத்ததும் இலையைவிட வேர்தான் அவசரப்படும். மேலே விரலளவு வளர்வதற்குள் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டுச் சுருண்டுவிடும். சுருண்ட வேரோடு நட்ட மரம் பின்னாளில் காற்றுக்கு நிற்பது கடினம். ஆகவே அரையடிப் பாலித்தீன் பை உதவாது. ஒன்றரை, இரண்டடி ஆழம் வேண்டும். கொலு பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் வார்க்கும் விருத்தாசலத்துச் சூளைக்காரர்களிடம், மெருகு பூசாத, அடியில்லாத நீளமான மண்குழாய் கேட்டால் செய்ய மாட்டார்களா? இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

தொட்டியிலேயே காலமெல்லாம் வைத்துக்கொள்வது பற்றிச் சொல்வதானால், வேண்டாம். பல மீட்டர் ஆழத்துக்கு வேர் விட்டுத் தண்ணீர் தேடும் மரத்தைப் பளபளக்கும் பீங்கான் தொட்டியில் அடைத்து, தினமும் காலையில் குளித்துவிட்டு ஒரு செம்பு நீர் ஊற்றினால், வேர் அழுகித்தான் சாகும். தார்ப் பாலைவனத்தில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கும் குறைவான மழையில் வாழ்வது இது. கடலூர் மாவட்டத்தில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. நம் செம்மண் நிலத்தில் நீர் வடிந்துவிடுவதால் கவலையில்லை. களிப்பான மனையென்றால் மேடு கட்டி நட வேண்டும். சுவரிலிருந்து இருபதடியாவது தள்ளி, ஐப்பசி மழை தொடங்கும்போது நட்டு, முதல் கோடைக்கு மட்டும் வாரம் ஒருமுறை நீர் விட்டால் போதும். ஆட்டிடமிருந்து காக்க நாலைந்து வருடம் வேலி வேண்டும். மரத்தடி வீணாகாது. காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணுக்குச் சேர்க்கும் இனம் இது. ராஜஸ்தானில் இதன் கீழேதான் கம்பு விதைக்கிறார்கள். இங்கே நிலக்கடலை போட்டுப் பார்க்கலாம், அதற்கு ரகம் தர விருத்தாசலத்திலேயே மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இடமில்லாதவர்கள் என்ன செய்வது? பள்ளி, சுடுகாடு, குளக்கரை என்று பொது இடத்தில் ஒன்றை நட்டுப் பராமரிக்கலாம்.

எங்கே நட்டாலும் நம்பகமான கன்று வேண்டும். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் நாட்டு மரக்கன்றுகளை வளர்க்கிறது. அறநிலையத் துறையும் வனத் துறையும் கைகோத்து, தலமரத்தின் அடியில் உதிரும் காய்களைச் சேகரித்து, எந்தக் கோயில் மரத்தின் விதை என்று சீட்டுக் கட்டிய வன்னிக் கன்றுகளைக் கொடுத்தால் போலிக் கன்றுக்கும் கொப்பு ஒடிப்பதற்கும் வேலை இருக்காது. வன்னி மரத்தில் அம்பு போடும் விஜயதசமி நாளே வினியோகத்துக்குத் தோதானது, மழையும் அப்போதுதான் வரும். வரும் கோடையில் காய் பொறுக்கத் தொடங்கினால், அதற்கடுத்த ஆண்டு விஜயதசமிக்குக் கொடுக்கும் உயரத்தில் கன்று இருக்கும்.

– கட்டுரையாளர், தாவரவியல் பேராசிரியர் (ஓய்வு)