மடை யார் கையில்?

பல்கலைக்கழகத் துறைகள் பொதுவில் பயன்படுத்தும் பகுப்பாய்வு சர்வரை எப்படி அமைப்பது என்பது பொறியாளர் பாடு, இலக்கியத் துறைக்கு அதில் என்ன வேலை என்று கேட்கப்படுகிறது. பிறர் கேட்டால் போகட்டும். இலக்கியத் துறையினரே ஒருவிதப் பெருமிதத்தோடு அப்படிச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். இந்த ஒதுக்கத்தை நாங்கள் ஏற்கவில்லை. பொதுச் சர்வரை அமைப்பதென்பது பங்கு பிரிப்பது. பங்கு பிரிக்கும் இடத்தில் வாய் திறவாதவர்களுக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

இது புதிய வழக்கும் அன்று. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பெர்னாண்டோ கொர்பாடோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்துகாட்டினார்கள். மறு ஆண்டே, ஆய்வு மாணவரான ஆலன் ஷெர், தமக்கு ஒதுக்கப்பட்ட வாரம் 4 மணி நேரம் போதாமல், எல்லோருடைய கடவுச்சொற்களும் இருந்த கோப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பணத்துக்கோ பழிக்கோ அவர் அதைச் செய்யவில்லை. கூடுதலாகச் சில மணி நேரம் வேண்டியிருந்தது, அவ்வளவே. கணினியைப் பகிரத் தொடங்கிய அன்றே பங்குச் சண்டையும் தொடங்கிவிட்டது.

‘இயல்பிருப்பிலேயே விட்டுவிடுங்கள், இயந்திரம் எல்லோரையும் சமமாக நடத்தும்’ என்பது தொழில்நுட்பர்கள் தரும் ஆறுதல். அந்தச் சமத்துவத்தின் இலட்சணத்தைப் பார்ப்போம். 128 ஜி.பி. நினைவகம் கொண்ட ஒரு லினக்ஸ் சர்வர். ஒரு துறையின் 60 மாணவர்கள் வகுப்பில் ஆளுக்கு 2 ஜி.பி. பிடிக்கிறார்கள். இலக்கியத் துறையின் ஒற்றை நிரல், மூன்று நாள்களாக நாவல்களின் சொற்களை எண்ணியபடி 10 ஜி.பி. பிடித்திருக்கிறது. நினைவகம் தீர்ந்ததும் இயக்குதளம் ஏதேனும் ஒரு நிரலைக் கொன்று தன்னைக் காத்துக்கொள்ளும். தனி நிரல்களில் எது அதிகம் விழுங்கியது என்றே பெரிதும் பார்க்கும். அறுபது பேர் சேர்ந்து 120 ஜி.பி. பிடித்தது அதன் கணக்கில் வராது. பலியாவது நமது மூன்று நாள் உழைப்பு. துறை என்ற ஒன்று இருப்பதை நாம் சொல்லாதவரை இயந்திரம் அறியாது.

சொல்வதற்கு வழி இல்லாமலும் இல்லை. நிரல்களைக் குழுவாக்கிக் குழுவுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுக்கும் ‘சி-குரூப்’ வசதி 2008 முதலே லினக்ஸில் இருக்கிறது. செயலி நேரத்தைத் துறைவாரியாகப் பிரிக்கலாம். ஒரு துறை சும்மா இருக்கும்போது அதன் பங்கு மற்றவர்களுக்குப் பாயும். நினைவகத்துக்குத் துறைதோறும் உச்சவரம்பு வைக்கலாம். ஆனால் எந்தத் துறைக்கு எவ்வளவு என்பதை எந்த மென்பொருளும் சொல்லித் தராது.

மொழிக்கு வருவோம். இங்கேதான் எங்கள் கோபம் மிகுதி. பொதுச் சர்வரில் எல்லோருக்கும் ஒரே நிரல்தொகுதிகள் நிறுவப்படுகின்றன. ஆங்கிலத்துக்கு எழுதிய பயிற்சி நிரல் துறைக்குத் துறை நகலாகிறது. பைத்தானில் பரவலாகப் பயன்படும் சைக்கிட்-லேர்ன் தொகுதியின் சொல் எண்ணும் கருவி, இயல்பிருப்பில், உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அவை வரும் இடத்தில் சொல்லை வெட்டும். ஓரெழுத்துத் துண்டு எஞ்சினால் எறிந்துவிடும். விளைவு: ‘தமிழ்’ என்பது ‘தம’ ஆகிறது. ‘கடல்’, ‘கடலை’ இரண்டும் ‘கடல’ என்ற ஒரே சொல்லாகின்றன. ‘வீடு’, ‘காடு’, ‘பூ’, ‘தீ’ ஆகியவை தடயமின்றி மறைகின்றன. பிழைச்செய்தி எதுவும் வராது. அழகான வரைபடம் வரும். வீடே இல்லாத தமிழ் நாவல் உலகைப் பற்றி ஒருவர் முனைவர் பட்டமும் பெறலாம். ஒரே ஒரு வரியை மாற்றினால் தீரும் குறை இது. அந்த வரியை மாற்றச் சொல்ல, தமிழ் படித்த ஒருவர் அந்த அறையில் இருந்திருக்க வேண்டும்.

பூட்டும் அப்படியே. ஒருவர் புதிதாக எழுதும் கோப்பைப் பிறரும் படிக்கலாம் என்பதே பல லினக்ஸ் சர்வர்களின் இயல்பிருப்பு. வணிகவியல் துறையின் பயிற்சிக் கணக்குகள் திறந்து கிடந்தால் நட்டமில்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்ற உறுதியின் பேரில் ஒருவர் தந்த வாய்மொழி வரலாறு திறந்து கிடந்தால் அது நம்பிக்கைத் துரோகம்.

ஆளுக்கொரு மடிக்கணினி போதாதா என்பார்கள். வசதியுள்ளவர்களுக்குப் போதும். பொதுச் சர்வரின் நியாயமே, வாங்க இயலாத மாணவரும் பெரிய நூல்தொகுதியைக் கையாள முடியும் என்பதில்தான் இருக்கிறது.

ஏரிப் பாசனத்தில் மடை திறப்பவர் நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்ற முறையை ஊர் கூடி வகுத்தது. அவர் அதை நிறைவேற்றினார். சர்வரைக் காக்கும் பொறியாளர் நமது நீர்க்கட்டி. முறையை வகுக்கும் சுமையையும் அவர் தலையிலேயே ஏற்றிவிட்டுப் பின்னர் அவரைக் குறைகூறுவது நேர்மையாகாது.

ஆகவே எங்கள் கோரிக்கை எளியது. ஒவ்வொரு துறையின் பங்கும் எழுத்தில் இருக்கட்டும். எவரும் பார்க்கும்படி இருக்கட்டும். பங்கை முடிவுசெய்யும் குழுவில் மொழித்துறைக்கு ஓர் இடம் வேண்டும். கோப்புகள் பூட்டியே பிறக்கட்டும். திறப்பது உரியவர் விருப்பம். எந்தக் கருவியும் பொதுவில் வைக்கப்படுமுன் ஒரு பக்கத் தமிழை அதில் இட்டுப் பார்க்கட்டும். ‘வீடு’ இருக்கிறதா என்று பார்த்தால்கூடப் போதும்.