தகரத்திலும் தரம் உண்டு!

நெல்லியாளம் வட்டாரத்தில் ஆடி மழை பிடித்தால், பழைய லயத்து வீடுகளில் சட்டி பானையெல்லாம் ஒழுகல் பிடிக்கத்தான்! 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்னும் துருப்பிடித்த தகரத்தின் கீழ்தான் படுக்கிறார்கள்.

ஓடு போட்டால் குரங்கு விடுவதில்லை. தகரம்தான் தோது. ஆனால் எந்தத் தகரம்? சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம் பூசியதும் உண்டு, 275 கிராம் பூசியதும் உண்டு. கடையில் இரண்டும் ஒரே பளபளப்பு! முன்னது சீக்கிரம் துருவேறும். அலுமினியம் கலந்து பூசிய கலர் ஷீட் விலை கூடினாலும் நீண்ட நாள் உழைக்கும். நெளி தகரத்தில் ஸ்குரூவை ரப்பர் வாஷரோடு மேட்டில் முடுக்க வேண்டும். பள்ளத்தில் ஓட்டை போட்டால் எந்தத் தகரமும் ஒழுகும்.

லயங்களுக்குக் கூரை மாற்றுகிற அதிகாரிகள், டெண்டரில் வெறுமனே ‘தகரம்’ என்று எழுதாமல், பூச்சு எத்தனை கிராம் என்றும் எழுத வேண்டும். மழைக்கு முன்னால் கூரைமேல் ஆளை ஏற்றவும் வேண்டும்!