கருவியின் பிடியும் உழைப்பவர் முதுகும்

தொழிற்சங்கத் தலைவர் ஒருவரின் வரலாற்றுக்கு வேளாண் பகுதியில் என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். அமெரிக்கப் பண்ணைத் தொழிலாளர் தலைவர் சீசர் சாவேஸின் (1927–1993) வரலாறு ஒரு களைக்கொத்தோடு பிணைந்தது. ஆகவே அது நமக்கும் உரியதே.

அரிசோனா மாநிலத்தில் யூமா நகருக்கு அருகே சிறு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். 1930-களின் பொருளாதார மந்தத்தில் குடும்பம் நிலத்தை இழந்தது. பிழைப்புத் தேடி கலிபோர்னியாவுக்குச் சென்று, பண்ணை பண்ணையாகக் கூலிவேலை செய்தது. லெட்டூஸ் கீரை, சர்க்கரை பீட் வயல்களில் களையெடுக்கவும், நெருக்கமாக முளைத்த செடிகளைக் கலைக்கவும் அங்கே குட்டைப் பிடிக் கொத்து கொடுக்கப்பட்டது. பிடியின் நீளம் இரண்டடிக்கும் குறைவு. நாள் முழுதும் இடுப்பை மடித்தே வேலை. சாவேஸும் இக்கருவியைப் பிடித்தவரே. பின்னாளில் கடும் முதுகுவலியால் அவதியுற்றார்.

1962-இல் அவர் டொலோரஸ் ஹுவர்டாவுடன் சேர்ந்து சங்கம் அமைத்தார். 1965-இல் டெலானோவில் லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ தொழிலாளர்கள் திராட்சைத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியபோது இவர் சங்கமும் இணைந்தது. காந்தியடிகள் வழியில் 1968-இல் 25 நாட்கள் உண்ணாவிரதம் இருந்தார். 1970-இல் திராட்சைத் தோட்ட உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர்.

குட்டைப் பிடிக்கு எதிரான வழக்கை நடத்தியவர்கள் ஊரக ஏழைகளுக்கான சட்ட உதவி வழக்கறிஞர்கள். நீண்ட பிடி போட்டால் பயிர் சேதமாகும் என்று பண்ணையாளர்கள் வாதிட்டனர். மருத்துவர்களோ முதுகெலும்பு பாழாவதை எடுத்துரைத்தனர். 1975-இல் கலிபோர்னியாவில் அக்கொத்து தடை செய்யப்பட்டது. அதனால் லெட்டூஸ் சாகுபடி அழிந்துவிடவில்லை. தொழிலாளர்கள் நீண்ட பிடியில் அதே வேலையைச் செய்தனர். அதே ஆண்டில், பண்ணைத் தொழிலாளர் தம் சங்கத்தை இரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அங்கே சட்டமாயிற்று.

சாவேஸ் செய்தவை எல்லாம் சரியென்று சொல்வதற்கில்லை. 1970-களின் பிற்பகுதியில் உடனிருந்தோரையே சந்தேகித்துப் பலரை வெளியேற்றினார். சங்கமும் மெலிந்தது. ஆயினும், கூலியைப் போலவே கருவியும் தொழிலாளியின் உரிமைப் பிரச்சினை என்பதை அந்த இயக்கக் காலம் நிலைநாட்டியது என்பது என் கருத்து.

வேளாண் கருவியை மதிப்பிடும்போது, ஒரு நாளில் எத்தனை சென்ட் முடிகிறது, எவ்வளவு செலவாகிறது என்றே பெரும்பாலும் கணக்கிடுகிறோம். அதைப் பிடிப்பவரின் இடுப்பு மாலையில் எப்படி இருக்கிறது என்பதும் அக்கணக்கில் சேர வேண்டும். நம் வயல்களில் குனிந்து களையெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. வரிசை நடவு செய்த வயலில் கோனோவீடரை நின்றபடியே தள்ளலாம். புன்செயில் நீண்ட பிடிக் கொத்து பயன்படும். களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை என்று குறைப்படும் விவசாயப் பெருமக்கள், அடுத்த களைக்கு முன் தங்கள் கொத்தின் பிடியை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. வாங்கும் முன், அதைப் பிடிக்கப்போகும் பெண்களிடமே கொடுத்து அரை நாள் வேலை செய்யச் சொல்லி, அவர்கள் சொல்லைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.