புகையும் நெருப்பும்



சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 29ஆம் காதையைக் கடினமென்று ஒதுக்கிவிடுவோர் நம்மிற் பலர். காஞ்சி மாநகரில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலை உணர்த்தும் பகுதி அது. ஆயினும் அங்கே எடுத்துக்காட்டாக வருவது நாம் நாள்தோறும் புழங்கும் அடுக்களையே ஆகும்.

தொலைவில் ஒரு மலைமேல் புகை எழக் காண்கிறோம். அங்கே நெருப்பு உண்டென முடிவு செய்கிறோம். நிறுவ வேண்டிய அம்முடிவைப் பக்கம் என்றும், புகையாகிய காரணத்தை ஏது என்றும், இரண்டும் ஒருங்கிருக்கக் கண்ட அடுக்களையைத் திட்டாந்தம் என்றும் வழங்குவர். புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு. மலையில் புகை உண்டு. இவ்விரண்டும் மெய்யாயின் முடிவும் மெய்யாதல் திண்ணம்.

இதனைத் தலைகீழாக்கலாமா? நெருப்பு உண்டு, ஆகவே புகையும் உண்டு எனலாமா? இன்று நம் வீடுகளில் எரிவது எரிவாயு அடுப்பு. நெருப்பு உண்டு, புகை இல்லை!

இப்பெங்களூரில் மற்றொன்று காண்க. கன்னடர் கன்னடம் பேசுவர். அண்டை வீட்டார் கன்னடம் பேசுகிறார். ஆகவே அவர் கன்னடர் என்போம். அல்சூர்க் கடைத்தெருவில் காய் வாங்கும் நாமும் கன்னடந்தானே பேசுகிறோம்! இவ்வாறு இருபுறமும் செல்லும் ஏதுவை அநைகாந்திகம் எனப் பெயரிட்டு, ஏதுப்போலிகளுள் ஒன்றாக அக்காதை வைத்துள்ளது.

இது ஏட்டளவில் நிற்பதன்று. சில ஆண்டுகட்கு முன் எம் இல்லத்தில் வெள்ளிக் குவளையொன்று காணாமற் போயிற்று. மறுநாள் பணிப்பெண் வரவில்லை. திருடியவள் வர அஞ்சுவாள், இவள் வரவில்லை, ஆகவே இவளே எடுத்தாள் என்று முடிவு கட்டினோம், அயலாரிடமும் உரைத்தோம். மூன்றாம் நாள் அவள் வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சலாம். எம் சொல் அவள் செவிக்கு முன்னரே எட்டியிருந்தது. கணக்குத் தீர்த்துக்கொண்டு சென்றவள் பின்னர் எம் வாயிலை மிதிக்கவில்லை.

குவளை இன்றுவரை கிடைக்கவில்லை. எடுத்தவர் யாரென்றும் தெரியாது. ஆனால் வராமைக்கு அச்சமும் காரணமாகலாம், காய்ச்சலும் காரணமாகலாம் என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும். ஒருவர்மீது பழி சுமத்துமுன், ‘இந்த ஏது வேறு முடிவுக்கும் பொருந்துமோ?’ என்று ஒருமுறை வினவுதல் நம் கடன்.

இளைஞர்க்கு ஒரு வினா: புகை இல்லாத இடத்தில் நெருப்பும் இல்லை எனலாமா? விடையை அடுக்களையில் தேடுக.