கருப்பு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு உப்பு?

பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். தண்ணீருக்குள் பருத்தி இழைக்கும் சாயத்துக்கும் ஒரே வகை மின்னூட்டம் என்பதால் ஒன்றையொன்று விலக்கும். அந்த விலக்கத்தை மட்டுப்படுத்தி சாயத்தை இழையோடு சேர்த்துவைப்பது உப்புதான். இளநிறங்களுக்குக் கொஞ்சம் போதும். கருப்பு, நேவி, மெரூன் என்று அடர்த்தி கூடக்கூட லிட்டருக்கு 80 கிராம் வரைகூடப் போகும். ஒரு கிலோ துணிக்கு 6 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் மெஷின் என்றால், கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. சாயம் ஏறியதும் உப்புக்கு அங்கே வேலை இல்லை. ஒட்டாமல் போன சாயத்தோடு சேர்ந்து கழிவுநீரில் இறங்கிவிடும்.

இந்த அரைக் கிலோவை முடிவு செய்தவர் சாயப்பட்டறைக்காரர் அல்ல. ஐரோப்பாவில் ஒரு பிராண்டின் அலுவலகத்தில் அடுத்த சீசனுக்கான நிறங்களைத் தேர்ந்தெடுத்தார்களே, அப்போதே அது முடிவாகிவிட்டது. அந்த முடிவைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து, லேப் டிப் (சாயமேற்றிய மாதிரித் துண்டு) அனுப்பி, அப்ரூவல் வாங்கி, விலை பேசி, குறித்த தேதிக்குள் சரக்கைக் கப்பலேற்றுபவர் மெர்ச்சண்டைசர். பேஷன் மேனேஜ்மென்ட் படித்தவர்களில் நிறையப் பேர் போய் உட்காரும் நாற்காலி அது.

பிள்ளை பேஷன் படிக்கப்போகிறாள் என்றால் படம் வரைவதும் மேடை நடையும்தான் வீட்டாரின் நினைவுக்கு வரும். ஆனால் 1986-ல் டெல்லியில் தொடங்கி 1995-ல் சென்னைக்கும் வந்த ‘நிஃப்ட்’ கல்வி நிறுவனம், பேஷன் மேனேஜ்மென்ட்டை இரண்டாண்டு முதுநிலைப் படிப்பாக நடத்துகிறது. ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பி.காம். முடித்தவரும் பொறியியல் முடித்தவரும் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்து கொள்முதல், சில்லறை வணிகம், விலை நிர்ணயம், சப்ளை செயின் என்று படிக்கிறார்கள். பென்சில் பிடிக்கத் தெரியாதவருக்கும் அங்கே இடமுண்டு. கணக்குக்குப் பயப்படுபவருக்குத்தான் சிரமம்.

இந்தக் கணக்கில் ஆற்றைச் சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, திருப்பூர் வழியே ஓடும் நொய்யலைவிடப் பெரிய பாடம் கிடையாது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, கட்டிய சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவுத் தேக்கமானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீண்டது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலையை எட்டும்வரை சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட ஆலைகள் நின்றன; துணி மூட்டைகள் சாயத்துக்காக வெளியூர்களுக்குப் பயணப்பட்டன.

இன்று கழிவுநீர் உயிரியல் சுத்திகரிப்பு, சவ்வு வடிகட்டி, ஆவியாக்கி என்று படிப்படியாகக் கடக்கிறது. பெரும்பகுதித் தண்ணீர் ஆலைக்கே திரும்புகிறது. உப்பும் மீட்கப்பட்டு மறுபடி சாயத் தொட்டிக்குப் போகிறது. சும்மா இல்லை: ஆவியாக்கிக்கு நீராவி வேண்டும், நீராவிக்கு விறகோ நிலக்கரியோ எரிய வேண்டும். ஆற்றுக்குப் போகவேண்டிய கேட்டில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போகிறது என்று குறை சொல்லலாம், சொன்னால் தப்பில்லை. இந்தச் செலவு கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று சாயக்கூலியில் ஏறுகிறது. காஸ்டிங் ஷீட்டில் அந்த வரியைப் பார்த்ததும் பையர் முகம் சுளிப்பார். சுற்றுச்சூழல் பற்றி இருபது பக்கம் ஆண்டறிக்கை வெளியிடும் பிராண்டின் ஆள்தான் அவரும். அந்த வரியை வெட்ட விடாமல் பேசத் தெரிந்த மெர்ச்சண்டைசர், பசுமைக் கருத்தரங்கில் மேடையேறும் பலரைவிட அதிகம் சாதித்துவிடுகிறார்.

தண்ணீருக்கு அடுத்து காகிதம். ஆர்கானிக் துணிக்கு உலகம் ஏற்கும் ஜி.ஓ.டி.எஸ். சான்று, குறைந்தது 70 சதவீதம் ஆர்கானிக் இழை கேட்கிறது. லேபிளில் ‘ஆர்கானிக்’ என்றே போட 95 சதவீதம் வேண்டும். அந்தச் சான்று பெற்ற நிறுவனங்கள் அதிகமுள்ள நாடு இந்தியா. பெருமைதான். ஆனால் 2020 அக்டோபரில் ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே, 20,000 டன் இந்தியப் பருத்தி போலிச் சான்றோடு ஆர்கானிக் கணக்கில் நுழைந்திருந்ததாக அறிவித்தது. சான்றில் இருந்த க்யூஆர் கோடு, அரசு இணையதளத்தைப் போலவே உருவாக்கிய ஒரு நகல் தளத்துக்கு இட்டுச் சென்றது! பதினொரு நிறுவனங்களுக்குத் தடை விழுந்தது. பஞ்சைத் தொட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஜின்னிங், நூற்பு, நிட்டிங், தையல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே போன எடையும் வெளியே வந்த எடையும் பொருந்துகிறதா என்று உட்கார்ந்து சரிபார்க்க ஆள் வேண்டும். ‘டிரேசபிலிட்டி’ என்று விளம்பரம் வரும் வேலைகள் இந்த வகையைச் சேர்ந்தவை.

இந்த ஆட்களுக்குத் தேவை கூடத்தான் போகிறது. ஆதாரம் காட்டாமல் ‘இயற்கைக்கு உகந்தது’ என்று பொதுப்படையாக விளம்பரம் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2026 செப்டம்பர் முதல் தடுக்கிறது. விற்காமல் மிஞ்சிய ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு அதே ஆண்டு ஜூலையிலிருந்தே தடை. துணி எதிலிருந்து, எப்படி வந்தது என்று சொல்லும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டும் அங்கே வர இருக்கிறது. அந்தப் பாஸ்போர்ட்டை நிரப்பும் தகவல் பாரிஸிலோ பெர்லினிலோ கிடைக்காது; ஆர்டர் எடுத்த கம்பெனியின் ஃபைலிலிருந்துதான் போயாக வேண்டும்.

சொந்தமாகத் தொடங்கியவர்களும் உண்டு. பொள்ளாச்சியில் ஜின்னிங் தொழில் பின்னணி கொண்ட மணி சின்னசாமியும் விஜயலட்சுமி நாச்சியாரும் 2009-ல் தொடங்கிய ‘எதிகஸ்’, விவசாயியிடமிருந்து கைத்தறி வரை ஒரே சங்கிலியாக வைத்து, நெய்தவர் யார் என்பதைச் சேலையோடு இணைத்த அட்டையிலேயே சொல்கிறது. அழகான முயற்சி. ஆனால் எல்லோரும் சொந்த பிராண்ட் தொடங்க முடியாது. படித்து வெளியே வருபவர்களில் பெரும்பாலோர் போகப்போவது பையிங் ஆபீஸுக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனிக்கும்தான்.

பயிற்சிக் காலத்தை மால் கடைகளில் கழிக்க விரும்பும் மாணவர்கள், அதில் சில நாட்களைக் கோவை, திருப்பூர் பக்கத்து ஓப்பன் எண்ட் மில்களுக்கு ஒதுக்கலாம். பனியன் கம்பெனிகளின் கட்டிங் வேஸ்ட் அங்கே நிறம் பிரித்து, பஞ்சாகப் பிய்க்கப்பட்டு, மறுபடி நூலாகிறது. சிவப்புத் துண்டிலிருந்து சிவப்பு நூல். புதிதாகச் சாயம் தேவையில்லை. போர்வைக்கும் துண்டுக்கும் லுங்கிக்கும் அந்த நூல் போகிறது. ‘சர்குலர் எகானமி’ என்ற பெயர் இங்கே வந்து சேரும் முன்பே நடந்துவரும் தொழில். பிரித்துப் போடுபவர்களிடம் கேட்டால் லைக்ரா கலந்த துண்டைத் தனியே ஒதுக்குவதைக் காட்டுவார்கள்: இழுபடும் இழை நூற்பைக் கெடுக்கும், விலையும் குறைவு. டிசைனில் அந்த 5 சதவீத லைக்ரா அவசியம்தானா என்று பையரிடம் கேட்க, சாம்பிள் தைக்கும் முன் ஒரு மின்னஞ்சல் போதும்.