கடல் ஏறுவதும் நிலம் தாழ்வதும்

காவேரி டெல்டாவின் கடைமடைக் கிராமங்களில் நான் சுற்றுப்பயணம் செய்யுங்காலத்தில், மிராசுதார்களும் கிராமாதிகாரிகளும் தவறாமல் சொல்லும் குறை ஒன்று உண்டு. "கடல் வரவர உள்ளே வருகிறது; வயலில் உப்புப் பூக்கிறது; கிணற்று நீர் வாயில் வைக்க வழங்கவில்லை; இதற்கு இலாகா என்ன செய்யப்போகிறது?" என்பதே அக்குறை. குறை மெய்யானதே. ஆனால் அது பாதி மெய் என்பது என் அபிப்பிராயம். கடல் ஏறுகிறது; அதே சமயத்தில் நமது நிலமும் தாழ்கிறது; நிலத்தடியில் கடலை எதிர்த்து நின்ற நன்னீரும் குறைகிறது. இம்மூன்றனுள் முதலாவது உலகம் முழுவதும் சேர்ந்து செய்த காரியம். மற்ற இரண்டில் நமது கையும் இருக்கிறது. அதைப் பற்றியே இங்கு எழுதத் துணிகிறேன்.

முதலில் கடலின் கணக்கைப் பார்ப்போம். பருவநிலையை ஆராயும் சர்வதேசக் குழு 2021-ஆம் வருஷத்தில் வெளியிட்ட அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரையில் உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர், அதாவது சுமார் 8 அங்குலம், உயர்ந்திருக்கிறது. 1971 வரையில் வருஷத்துக்கு 1.3 மில்லிமீட்டராக இருந்த ஏற்றம், 2006-க்கும் 2018-க்கும் இடையில் 3.7 மில்லிமீட்டராகிவிட்டது. பூமியின் உஷ்ணம் மிகுவதால் கடல் நீர் விரிவதும், பனிமலைகள் உருகுவதுமே காரணம். எட்டு அங்குலம் என்பது மேட்டு நிலத்தாருக்கு ஒரு பொருட்டல்ல. கண்ணுக்குத் தெரியாத சரிவில் வாய்க்கால் வெட்டி, ஓர் அங்குல மட்டத்துக்காக மடையில் வழக்காடும் கடைமடையாருக்கு அது எவ்வளவு பெரிது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. தரங்கம்பாடியில் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிருப்பதை நம்மில் பலரும் கண்ணால் கண்டிருக்கிறோம்.

இனி நிலத்தின் கணக்கு. புதிதாகப் போட்ட வரப்பு இரண்டொரு மழைக்குள் அமிழ்ந்து தாழ்வதை அறியாத விவசாயி இல்லை. டெல்டா முழுவதுமே ஆறு போட்ட வரப்பு போன்றது. அடுக்கடுக்காய்ப் படிந்த வண்டலும் களிமண்ணும் தம் பாரத்தினாலேயே அழுந்திக்கொண்டிருக்கும். முன்னாளில் ஆண்டுதோறும் ஆடியில் வந்த செம்புனல், தாழ்ந்த அளவை ஈடுசெய்யப் புது வண்டலைப் பரப்பிப் போயிற்று. 1934-இல் மேட்டூர் அணை முடிந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பங்கு நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. மேட்டூரை நான் குறை கூறவில்லை. அது இல்லாவிட்டால் நமக்குக் குறுவை ஏது? ஆயினும் நீரைக் கொடுத்த அணை மண்ணைப் பிடித்துக்கொண்டது என்பதை மறக்கலாகாது. 2009-இல் உலகின் 33 டெல்டாக்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவை தாழ்வதற்கு மேலணைகளில் வண்டல் தங்குவதையும், நிலத்தடியிலிருந்து எண்ணெய், வாயு, நீர் ஆகியவற்றை எடுப்பதையுமே முக்கிய காரணங்களாகக் கூறினார்கள். நமது அண்டை டெல்டாக்களான கிருஷ்ணாவும் கோதாவரியும் அந்த ஆராய்ச்சியில் அடங்கியவை.

எண்ணெயும் வாயுவும் எடுப்பதை எதிர்த்து நம் விவசாயிகள் ஒரே குரலாய்ப் பேசினார்கள். 2020-இல் தமிழக அரசாங்கம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் செய்தபோது மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தது நியாயமே. ஆனால் பிறர் எண்ணெய் எடுத்தால் தாழும் பூமி, நாம் தண்ணீர் எடுத்தால் தாழாதிருக்குமா? எண்ணெய்க்கு ஒரு நியாயம், தண்ணீருக்கு ஒரு நியாயம் என்று பூமிதேவி பாரபட்சம் காட்டுவதில்லை. ஜப்பானில் டோக்கியோ நகரின் கிழக்குப் பகுதி, ஆலைகள் ஆழ்கிணறுகளால் நீர் இறைத்ததன் பயனாக, சில இடங்களில் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோயிற்று. நீர் இறைப்பைச் சட்டத்தால் கட்டுப்படுத்திய பிறகே தாழ்வு பெரும்பாலும் நின்றது. இத்தாலி தேசத்து வெனிஸ் நகரத்தின் அநுபவமும் இதுவே. நின்றதேயன்றித் தாழ்ந்த நிலம் மீண்டும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அமிழ்வதைவிட விரைவில் நம்மைத் தாக்குவது உப்பு. நன்னீர் உப்பு நீரைவிட இலேசானதால், கரையோர மணற்பாங்கான நிலத்தில் அது உப்பு நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே சுமார் நாற்பது அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நெடுநாளாய் நிரூபணமான விதி. இதன் மறுபக்கம் பயங்கரமானது. மேலே ஓரடி இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழே நாற்பது அடி உப்பு நீர் ஏறிவரும். ஒன்றுக்கு நாற்பது வட்டி வாங்கும் கடன்காரன் கடலைத் தவிர வேறு யார்?

இவ்விடத்தில் என் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சுமார் பதினான்கு வருஷங்களுக்கு முன், கடலோரக் கிராமம் ஒன்றில் ஒரு விவசாயியின் ஆழ்குழாய்க் கிணறு கோடையில் நீர் குன்றிற்று. என் யோசனையைக் கேட்டார். இன்னும் ஆழப்படுத்தும்படி சொன்னேன். நீர் பெருகிற்று, அவர் என்னைப் புகழ்ந்தார், பக்கத்து நிலத்தார் நால்வரும் அவ்வாறே செய்தனர். ஐந்தாம் வருஷம் நீர் கரித்தது. ஏழாம் வருஷம் அந்நீர் பாய்ந்த நாற்றங்கால் நுனி கருகி மடிந்தது. ஐந்து குடும்பங்களின் கிணறுகளும் இன்று மூடிக் கிடக்கின்றன. அவர்களில் ஒருவரும் என்னைக் கடிந்து பேசவில்லை. அதுவே எனக்கு அதிக வருத்தம். ஆழத்தில் நீர் உண்டா என்று பார்த்தேனேயன்றி, அது எந்த நீர் என்று நான் பார்க்கவில்லை.

கடலேற்றத்தின் முதல் தீங்கு, கடல் நீர் உள்ளே வருவதன்று. மழை நீர் வெளியே போகாதிருப்பதாகும். கடல் வடியும் சில மணி நேரத்தில்தான் நமது வடிகால்கள் ஓடுகின்றன. கடல் மட்டம் உயர உயர, நிலம் தாழத் தாழ, அந்த அவகாசம் சுருங்குகிறது. 2022 நவம்பர் 11-இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை பெய்தது. இத்தகைய மழையில் வடிகாலைத் தூர்த்துச் சாகுபடி செய்தவர் தம் பயிரோடு மேலண்டைக்காரர் பயிரையும் மூழ்கடிக்கிறார்.

"ஆற்று நீர் கடலில் வீணாகக் கலக்கிறது" என்று மேடைதோறும் கேட்கிறோம். இதனை நான் மறுக்கிறேன். வெள்ளக் காலத்தில் முகத்துவாரத்தை அடையும் நீர், உப்பைக் கழியிலிருந்து தள்ளி, மிஞ்சிய வண்டலைக் கரையில் சேர்த்து, அலையாத்திக் காடுகளை வாழவைக்கிறது. 2007-இல் காவேரி நடுவர் மன்றம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது, இயற்கைப் பாதுகாப்புக்கென 10 டி.எம்.சி.யும், கடலுக்குச் செல்வதைத் தவிர்க்க முடியாத நீரென 4 டி.எம்.சி.யும் ஒதுக்கியது. அதை நஷ்டமென்று எண்ணாமல், நிலத்தைக் காக்க நாம் கட்டும் கிஸ்தியென்று எண்ணவேண்டும். ஆற்று மணலை வரம்பின்றி அள்ளினால் ஆற்றுப்படுகை பள்ளமாகி, அப்பள்ளத்தின் வழியே கடல் நீர் உள்நாட்டுக்கு ஏறும் என்பதையும் மறக்கலாகாது.

விவசாயிகள் செய்யத்தக்கவை இவை. கடலோரக் கிராமங்களில் ஆழ்குழாய்க் கிணறுகளை இனி ஆழப்படுத்தாதிருத்தல் வேண்டும். மின்சாரம் இலவசமென்று மோட்டாரை ஓயாது ஓட்டலாகாது. பங்குனியிலும் புரட்டாசியிலும் கிணற்று நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, உப்பின் அளவைக் குறித்து வைக்கவேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையைக் குளத்திலும் பண்ணைக் குட்டையிலும் தேக்கினால், அந்நீர் பயிருக்கும் உதவும். ஊறி உப்பை அழுத்தியும் நிற்கும். ஏரி, குளம் தூர் எடுக்கும் வண்டலை முறைப்படி அனுமதி பெற்று வயலிலேயே பரப்புக.

மண்ணைத் திருத்துமுன் அது உவரா, களரா என்று பரிசோதித்தறிதல் அவசியம். உவர் நிலத்துக்கு வேண்டியது நன்னீர் தேக்கி வடிப்பது. களர் நிலத்துக்கே ஜிப்சம் முதன்மையானது; அளவைப் பரிசோதனை முடிவே சொல்லும். இரண்டுக்கும் தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நன்மை தரும். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை உப்பாக்கிய நாகப்பட்டினத்து வயல்கள், இம்முறைகளாலும் அடுத்த வருஷத்துப் பெருமழையாலும் திரும்பின. நெற்பயிர் நாற்றுப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் உப்புக்கு மிகவும் அஞ்சுமாதலால், சற்று முதிர்ந்த நாற்றை நடுவது நலம். குழியடிச்சான், களர்பாலை போன்ற ரகங்கள் உதவும். ஆனால் உப்பைத் தாங்கும் விதை கிடைத்தது என்று உப்பை வரவழைப்பது, மருந்து உண்டென்று விஷம் உண்பதை ஒக்கும்.

கிராமாதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். வடிகால் ஆக்கிரமிப்பைக் கணக்கில் மறைக்காதீர்கள். கிணறுகளின் ஆழத்தையும் உப்பின் அளவையும் கிராமத்தில் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். கடலோர மணல்மேட்டை வெட்ட விடாதீர்கள். வேதாரண்யம் பகுதியில் நாலுவேதபதிக் கிராமத்தார் 2002-இல் ஒரே நாளில் 80,000-க்கு மேற்பட்ட மரக்கன்றுகளை நட்டார்கள். இரண்டே வருஷத்தில் பேரலை வந்தபோது அம்மரங்களே அவர்களுக்கு அரணாயின. அவர்கள் நட்ட நாளில் அலையை எதிர்பார்த்திருக்கவில்லை.

ஒருவர் மட்டும் மோட்டாரை நிறுத்தினால் பக்கத்து மோட்டார் அந்நீரை இறைக்கும். ஆகையால் இது தனி மனிதர் காரியமன்று. ஊர் கூடிச் செய்ய வேண்டிய காரியம். வரும் கோடைக்கு முன்னரே கிராம சபையில் இவ்விஷயத்தை எடுத்துப் பேசி, ஒரு கட்டுப்பாடு செய்துகொள்ளும்படி வேண்டுகிறேன். அழைத்தால் நானும் பரிசோதனைக் கருவியுடன் வருவேன். ஆழப்படுத்தச் சொன்ன வாய்க்கு, நிறுத்தச் சொல்லும் கடமையும் உண்டு.