உங்கள் சாட் யார் வீட்டில் நடக்கிறது?

இரும்பையில் உட்கார்ந்து 'சாப்பிட்டியா?' என்று டைப் செய்து என்டர் தட்டுகிறேன். அடுத்த நொடி திண்டிவனத்தில் என் தங்கையின் திரையில் அது தெரிகிறது. நேராக அவளிடம் போய்விட்டதாக நினைக்க வேண்டாம். எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்குப் போகிறது. அங்கே ஓடும் சாட் புரோகிராம், பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி, அதை வாங்கி அவளிடம் சேர்க்கிறது.

அந்த சர்வர் யாருடையது? புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் யாரும் இதைக் கேட்பதில்லை. நானும் பட்ட பிறகுதான் கேட்டேன். துபாயில் இருந்த அண்ணனும் நானும் வருடக்கணக்கில் ஒரே சாட் சர்வீஸில் பேசினோம். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த இரவு விடிய விடியப் பேசியதும் அதில்தான். ஒருநாள் கம்பெனி அதை மூடியது. எல்லாம் போயிற்று.

இது எனக்கு மட்டும் வந்த கதை இல்லை. யாஹூ மெசஞ்சர் 2018-லும், ஐசிக்யூ 2024-லும் மூடப்பட்டன. ஆனால் 1988-ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் எழுதிய ஐஆர்சி இன்றும் ஓடுகிறது. காரணம், அது எந்த ஒரு கம்பெனியின் சொத்தும் இல்லை. அதன் விதிமுறைகள் 1993-லேயே வெளியிடப்பட்டன. அதன் சர்வர் புரோகிராமை யார் வேண்டுமானாலும் இலவசமாக நிறுவலாம்.

2021-ல் ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி நெட்வொர்க்கை யார் நடத்துவது என்று தகராறு வந்தது. தொண்டர்கள் விலகி லிபெரா சாட் என்ற புதிய நெட்வொர்க்கைத் தொடங்கினார்கள். உபுண்டு போன்ற குழுக்கள் அங்கே குடிபெயர்ந்தன. பழைய சாட் புரோகிராமிலேயே சர்வர் முகவரியை மாற்றி, பெயரை மறுபடி பதிவு செய்தால் போதும், பேச்சைத் தொடரலாம்.

ஐஆர்சியில் குறை இல்லையா? உண்டு. நீங்கள் இணைப்பில் இல்லாதபோது நடந்த பேச்சு பொதுவாகக் கிடைக்காது. வீட்டு உபயோகத்துக்கு எக்ஸ்எம்பிபி சௌகரியம். ஈமெயில் போல, ஒரு சர்வரில் இருப்பவர் வேறு சர்வரில் இருப்பவரோடும் பேசலாம். ப்ரோசடி, ஈஜாபர்டி என்ற இலவச சர்வர் புரோகிராம்களும் இருக்கின்றன.

வாட்ஸ்அப்பை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. வீட்டார் எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் முக்கியமான பேச்சுகளை 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்து உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி வையுங்கள். வாடகை வீட்டில் குடியிருக்கலாம், தப்பில்லை. நகைப்பெட்டியை மட்டும் அங்கேயே விட்டு வைக்காதீர்கள்.